வானத்துக்குக் கண்ணாடி காட்டியவர்!

குழந்தைகளே! உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடித்த புத்தகங்களை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றின் மேல் பாலம் போல அந்தத் தாளை வையுங்கள். தாளின் நடுவில் ஒரு நாணயத்தை வைத்தால் என்ன ஆகும்? தாள் தொய்ந்துபோய் நாணயம் கீழே விழுந்துவிடும்.

இப்போது அதே தாளை விசிறி மடிப்பதுபோல முன்னும் பின்னுமாக மடியுங்கள். மடிப்புகள் ஒரு புத்தகத்திலிருந்து மற்றொரு புத்தகத்தை நோக்கிச் செல்லும்படி வைத்துவிட்டு, நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். பாலம் அசையாமல் நிற்கிறது அல்லவா? தாளின் எடை சிறிதும் கூடவில்லை. அதன் வடிவம் மட்டும்தான் மாறியது.

இந்தச் சிறிய உண்மையை நம்பித்தான், ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரியதாக இருந்த தொலைநோக்கியின் ஆடி உருவாக்கப்பட்டது. அந்த ஆடிக்காகத் தம் வாழ்நாளின் கடைசிப் பத்து ஆண்டுகளைச் செலவிட்டவர் ஜார்ஜ் எல்லரி ஹேல். அவரது கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

லிஃப்ட் வியாபாரியின் மகன்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1868-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி ஹேல் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது, 1871-இல், சிகாகோவில் பெரும் தீ விபத்து நேர்ந்தது. நகரின் பெரும்பகுதி சாம்பலானது. அதன் பிறகு அங்கே உயரமான கட்டடங்கள் எழும்பத் தொடங்கின. உயரமான கட்டடம் என்றால் ஏறி இறங்க லிஃப்ட் வேண்டுமே! அந்த லிஃப்டுகளை அமைத்துக் கொடுக்கும் தொழிலைச் செய்தவர் ஹேலின் தந்தை வில்லியம் ஹேல். தொழில் வளர்ந்தது, வீட்டில் வசதியும் பெருகியது.

ஆனால் சிறுவன் ஜார்ஜுக்கு விலை உயர்ந்த விளையாட்டுப் பொருட்களில் ஆர்வம் இல்லை. வீட்டிலேயே ஒரு சிறு ஆய்வகம் அமைத்துக்கொண்டு, நுண்ணோக்கியில் நீர்த்துளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். 14 வயதில் தானே ஒரு தொலைநோக்கி செய்து பார்த்தான். அது சரியாக அமையவில்லை. மகனின் ஆர்வத்தைக் கண்ட தந்தை, 4 அங்குல லென்ஸ் கொண்ட பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கித் தந்தார். 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி வெள்ளிக் கோள் ஒரு கரும்புள்ளி போலச் சூரியனுக்குக் குறுக்கே கடந்து சென்றது. அந்த அரிய காட்சியை ஜார்ஜ் தனது தொலைநோக்கி வழியே கண்டான். அன்று முதல் சூரியன்தான் அவனுக்கு எல்லாமே!

சூரியனைப் படம் பிடிக்கும் கருவி

பாஸ்டன் நகரில் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1889-இல், ஹேலின் மனதில் ஒரு யோசனை தோன்றியது. அப்போது அவர் டிராம் வண்டியில் போய்க்கொண்டிருந்தாராம். சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து, அந்த நிறத்தில் சூரியனைப் படம் பிடித்தால், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத கொந்தளிப்புகள் எல்லாம் தெரியுமே! அந்த யோசனையைக் கொண்டு ஹேல் ஒரு கருவியை உருவாக்கினார். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வகைக் கருவி நிறுவப்பட்டது என்பது நமக்கெல்லாம் பெருமை.

பின்னர் 1908-இல், சூரியனில் காணப்படும் கரும்புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதை ஹேல் கண்டறிந்தார். பூமிக்கு வெளியே காந்தப்புலம் இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அப்போதுதான்.

லென்ஸை விட்டு ஆடிக்கு

ஹேலுக்கு ஓர் ஆசை இருந்தது. இருப்பதிலேயே பெரிய தொலைநோக்கி வேண்டும். அது கிடைத்தவுடன் அதைவிடப் பெரியது வேண்டும்!

ஏன் இந்த ஆசை? மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? அண்டாவில்தானே! ஒளியும் அப்படித்தான். தொலைநோக்கியின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஒளி சேரும். அகலம் இரண்டு மடங்கானால், சேரும் ஒளி நான்கு மடங்காகும். மிக மங்கலான, மிகத் தொலைவில் உள்ள விண்மீன்களையும் பார்க்கலாம்.

சிகாகோவில் டிராம் வண்டி நிறுவனங்கள் நடத்தி வந்த எர்க்கீஸ் என்ற செல்வந்தரிடம் பேசி, 40 அங்குல லென்ஸ் கொண்ட தொலைநோக்கியை அமைக்க வைத்தார் ஹேல். 1897-இல் அந்த ஆய்வகம் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 29தான் என்றால் நம்ப முடிகிறதா?

ஆனால் லென்ஸில் ஒரு சிக்கல் உண்டு. ஒளி லென்ஸுக்குள் புகுந்து மறுபக்கம் வரவேண்டும். அதனால் லென்ஸை ஓரங்களில் மட்டுமே பிடித்துக்கொள்ள முடியும். கோரைப்பாயை இரண்டு பேர் ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் நடுப்பகுதி தொய்கிறதே, அதுபோலப் பெரிய லென்ஸும் தன் எடையாலேயே சற்றுத் தொய்ந்துவிடும்.

இதற்கு மாற்று உண்டு. லென்ஸுக்குப் பதிலாக, நீங்கள் பாடத்தில் படிக்கும் குழியாடியைப் பயன்படுத்தலாம். ஆடியில் ஒளி முன்பக்கத்தில் பட்டுத் திரும்பிவிடும். பின்பக்கம் முழுவதற்கும் முட்டுக் கொடுக்கலாம். எனவே ஹேல் ஆடிகளின் பக்கம் திரும்பினார்.

கலிபோர்னியாவில் உள்ள வில்சன் மலை மீது 1904-இல் புதிய ஆய்வகத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் பொருட்கள் மலையேறின. அவருடைய தந்தை முன்பே வாங்கித் தந்திருந்த கண்ணாடி வட்டைக் கொண்டு உருவான 60 அங்குலத் தொலைநோக்கி 1908-இல் செயல்பட ஆரம்பித்தது. அடுத்து 100 அங்குலம்! ஹூக்கர் என்ற வணிகர் ஆடிக்குப் பணம் கொடுத்தார். கண்ணாடி பிரான்ஸ் நாட்டில் வார்க்கப்பட்டது. அதன் எடை நாலரை டன்!

ஆறு வியாழன்கள்!

1917 நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு. 100 அங்குலத் தொலைநோக்கியில் முதன்முதலாக வானத்தைப் பார்க்க ஹேல் வந்தார். தொலைநோக்கி வியாழன் கோளை நோக்கித் திருப்பப்பட்டது. பார்த்தவர் திடுக்கிட்டார். ஒரு வியாழனுக்குப் பதில், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு வியாழன்கள் தெரிந்தன! இத்தனை ஆண்டு உழைப்பும் வீணா?

பிறகுதான் காரணம் புரிந்தது. வேலையாட்கள் பகலில் கூரையைத் திறந்து வைத்திருந்ததால், வெயில் பட்டு ஆடி சூடாகியிருந்தது. சூட்டில் கண்ணாடி விரிவடைந்து அதன் வடிவம் கெட்டிருந்தது. அவ்வளவு தடித்த கண்ணாடி சீக்கிரம் ஆறுமா? காத்திருந்தார்கள். நள்ளிரவு கடந்து, விடியற்காலைக்குச் சற்று முன் மீண்டும் பார்த்தார்கள். இம்முறை வேகா என்னும் விண்மீன் கூர்மையான ஒளிப்புள்ளியாக மின்னியது. ஹேலின் உள்ளம் நிம்மதி அடைந்தது.

இந்தத் தொலைநோக்கியைக் கொண்டுதான் எட்வின் ஹப்பிள் பின்னர் நம் பால்வழிக்கு வெளியேயும் எண்ணற்ற விண்மீன் கூட்டங்கள் இருப்பதை நிறுவினார். பேரண்டம் விரிந்துகொண்டே போகிறது என்ற உண்மைக்கும் இதுவே வழிகாட்டியது.

அடுத்தது 200 அங்குலம்!

ஹேலின் உடல்நிலை மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. கடுமையான தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் அவரை வாட்டின. 1923-இல் ஆய்வக இயக்குநர் பதவியிலிருந்து விலகினார். மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஆனால் அவரது மனம் ஓய்வெடுக்கவில்லை. 1928-இல், பெரிய தொலைநோக்கிகளின் தேவையைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அதன் பயனாக ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடமிருந்து 60 லட்சம் டாலர் கிடைத்தது. இலக்கு 200 அங்குல ஆடி, அதாவது 5 மீட்டருக்கும் சற்று அதிகம். உங்கள் வகுப்பறையின் அகலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்!

இங்கேதான் பெரிய சிக்கல் எழுந்தது. 100 அங்குல ஆடியை அப்படியே இரண்டு மடங்கு பெரிதாகச் செய்தால் போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, தடிமன் இரண்டு மடங்கு. 2x2x2=8. எடை எட்டு மடங்கு ஆகிவிடும். நாலரை டன் 36 டன் ஆகும்!

சரி, எடை கூடினால் என்ன? உறுதியும் கூடுமே என்கிறீர்களா? இல்லை குழந்தைகளே! அப்படிச் செய்தால் ஆடி தன் எடையால் வளைவது நான்கு மடங்காகும். ஆடியின் வடிவமோ ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் விண்மீனின் உருவம் கலங்கத் தொடங்கிவிடும். அதுமட்டுமல்ல. அவ்வளவு தடித்த கண்ணாடி மாலை நேரச் சூட்டை இரவு முழுவதும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆறு வியாழன்கள் தெரிந்த இரவு நினைவிருக்கிறதா?

தேன்கூடு போன்ற முதுகு

இதற்கு ஹேலின் குழுவினர் கண்ட விடை என்ன தெரியுமா? கண்ணாடியைக் கூட்டாமல், குறைத்தார்கள்!

சற்று யோசித்துப் பாருங்கள். தொலைநோக்கி ஆடியில் ஒளியைத் திருப்பி அனுப்புவது கண்ணாடி அல்ல. அதன் முன்பக்கத்தில் பூசியிருக்கும் மிக மெல்லிய உலோகப் படலம்தான். அந்தப் படலத்தைச் சரியான வடிவத்தில் தாங்கிப் பிடிப்பது மட்டுமே கண்ணாடியின் வேலை. அப்படியானால் பின்பக்கம் முழுவதும் கண்ணாடியால் நிரம்பியிருக்க வேண்டும் என்ற அவசியம் என்ன?

உங்கள் பென்சில் பெட்டியில் உள்ள ஸ்கேலை எடுங்கள். அதைப் படுக்கையாகப் பிடித்து அழுத்தினால் எளிதில் வளைகிறது. அதையே செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் வளைய மறுக்கிறது. அதே ஸ்கேல், அதே எடை! இந்த அடிப்படையில், ஆடியின் முன்பக்கத்தை மெல்லிய தட்டு போலவும், அதன் பின்பக்கத்தை செங்குத்தாக நிற்கும் கண்ணாடிச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தேன்கூடு போலவும் அமைத்தார்கள். அதனால் எடை குறைந்தது. வளைவும் கட்டுக்குள் வந்தது. எல்லாப் பகுதியும் மெல்லியதாக இருந்ததால் இரவுக் குளிருக்கு ஏற்ப ஆடி விரைவாக ஆறவும் வழி கிடைத்தது.

எந்தக் கண்ணாடியில் செய்வது என்பது அடுத்த கேள்வி. முதலில் குவார்ட்ஸ் என்னும் பொருளை உருக்கிப் பார்த்தார்கள். ஆறு லட்சம் டாலருக்கு மேல் செலவானதே தவிர, பலன் இல்லை. பிறகு பைரெக்ஸ் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார்கள். இது சூட்டில் அதிகம் விரிவடையாது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் தீயில் வைத்துச் சூடாக்கும் குடுவைகள் இந்த வகைக் கண்ணாடியால் ஆனவைதான்.

மிதந்து வந்த சோதனை

நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் உள்ள கண்ணாடித் தொழிற்சாலை இந்தப் பணியை ஏற்றது. 30, 60, 120 அங்குலம் எனப் படிப்படியாக வார்த்துப் பழகினார்கள். 1934-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி 200 அங்குல ஆடியை வார்க்கும் நாள் வந்தது. அச்சின் அடியில், தேன்கூட்டு அறைகள் உருவாக வேண்டிய இடங்களில் எல்லாம், சூடு தாங்கும் கட்டிகளை உலோகக் கம்பிகளால் பிணைத்து வைத்திருந்தார்கள். உருகிய கண்ணாடியைப் பெரிய பெரிய அகப்பைகளில் அள்ளி ஊற்றினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது.

திடீரென்று ஒரு கட்டி பிய்த்துக்கொண்டு மேலே மிதந்து வந்தது. அடுத்து இன்னொன்று! கடும் சூட்டில் கம்பிகள் உருகிவிட்டன. எல்லோர் முகமும் வாடியது.

ஆனால் பணி நிற்கவில்லை. அதிகச் சூடு தாங்கும் உலோகத்தில் கம்பிகளைச் செய்து, அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி மீண்டும் வார்த்தார்கள். இம்முறை ஒரு கட்டியும் அசையவில்லை. 20 டன் எடையில் கண்ணாடி வட்டு உருவானது. தவறிப்போன முதல் வட்டு இன்றும் கார்னிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வார்த்தால் போதுமா? அவசரமாக ஆறினால் கண்ணாடி வெடித்துவிடும். எனவே நாளுக்கு ஒரு டிகிரி அளவுகூடக் குறையாமல், பத்து மாதங்கள் மெல்ல மெல்ல ஆற வைத்தார்கள். இடையில் 1935 ஜூலையில் ஆற்றில் வெள்ளம் வந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, வட்டுக்கு எதுவும் நேரவில்லை.

1936-இல் அது ரயிலில் புறப்பட்டது. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓடிய அந்தத் தனி ரயில், நாட்டின் கிழக்கு எல்லையிலிருந்து மேற்கு எல்லைக்கு வர இரண்டு வாரங்களுக்கும் மேல் ஆனது. வழியெங்கும் மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள்.

காணாமலே போன கனவு

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் அந்த வட்டைத் தேய்த்து மெருகேற்றும் பணி தொடங்கியது. பணிக்குத் தலைமை ஏற்ற மார்கஸ் பிரவுன் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர் என்பது ஆச்சரியமான செய்தி! ஆடியின் பின்பக்கத்தில் உள்ள குழிகளில் 36 தாங்கிகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் நெம்புகோலும் எடைகளும் இருந்தன. தொலைநோக்கி எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அந்த எடைகளே ஆடியைத் தக்கபடி தாங்கிக்கொள்ளும். கணினி இல்லாத காலத்தில் எத்தனை சாமர்த்தியம் பாருங்கள்!

ஆனால் ஹேலால் இதன் முடிவைக் காண முடியவில்லை. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி, தமது 69-ஆவது வயதில் அவர் காலமானார். ஆடி பாதி வேலையில் இருந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. போர் முடிந்த பின் மீண்டும் மெருகேற்றத் தொடங்கி, 1947-இல்தான் பணி முடிந்தது. தேய்த்துத் தேய்த்து ஐந்து டன்னுக்கும் மேல் கண்ணாடி நீக்கப்பட்டு, இறுதியில் ஆடியின் எடை 14.5 டன் ஆனது. 36 டன் எங்கே, 14.5 டன் எங்கே!

1948-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி பாலோமர் மலையில் அந்தத் தொலைநோக்கி அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு ஹேல் தொலைநோக்கி என்றே பெயர் சூட்டினார்கள். 1975 வரை உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அதுதான். அந்த ஆண்டு சோவியத் நாட்டில் 6 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி வந்தது. உள்ளே வெற்றிடம் இல்லாத அந்த ஆடியின் எடை 42 டன். ஒரு மீட்டர்தான் கூடுதல் அகலம். எடையோ ஏறக்குறைய மூன்று மடங்கு! தடித்த அந்தக் கண்ணாடி மெதுவாகவே ஆறியதால் வானியலாளர்கள் சிரமப்பட்டார்கள்.

பின்னால் வந்தவர்கள் பலர் ஹேல் குழுவினரின் வழியிலேயே நடந்தார்கள். 1990-இல் விண்ணுக்குச் சென்ற ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடிக்குள்ளும் தேன்கூடு போன்ற அமைப்புதான். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் 18 ஆடிகள் உள்ளன. பெரிலியம் என்னும் இலேசான உலோகத்தால் ஆன அவற்றின் முதுகையும் குடைந்து சட்டங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அதனால் ஒவ்வோர் ஆடியின் எடையும் சுமார் 20 கிலோதான்!

குழந்தைகளே! உங்கள் வீட்டில் உள்ள பிளாஸ்டிக் ஸ்டூலை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அதன் அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் இருக்கும். அவை ஏன் இருக்கின்றன என்று வீட்டில் உள்ளவர்களுக்கு இனி நீங்களே விளக்கிச் சொல்லலாம். அப்படியே, தாம் பார்க்கப்போவதில்லை என்ற நிலையிலும் அடுத்த தலைமுறைக்காக ஓர் ஆடியை உருவாக்கத் துணிந்த ஹேலையும் அவர்களுக்கு அறிமுகம் செய்து வையுங்கள். பாலோமர் மலையில் அந்த ஆடி இன்றும் இரவுதோறும் விண்மீன்களின் ஒளியைச் சேகரித்து வருகிறது.